நியாயமான அளவுள்ள படம்

புதுமுத்தூரில் காலையில் பல் துலக்கும்போது முந்தைய நாளின் செய்திப் படங்கள் கண்ணிலிருந்து கழன்றுவிடும். செவ்வாய்க் கோளின் அந்தக் குடியிருப்புக்கு வருகிற எல்லோருக்கும் முதல் வேலையாக விழிவில்லை பொருத்திவிடுவார்கள். ஒரு செய்திப் படத்துக்கான ஒருநாள் அனுமதி தீர்ந்ததும், அது எந்தச் சுவரில், எந்தத் திரையில் இருந்தாலும், பார்க்கிறவர் கண்ணில் அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் படியும். உரிமைமூட்டம் என்று அதற்குப் பெயர். யாரும் அதைப் பற்றிக் குறைப்பட்டதில்லை. நேற்றைய படத்தை இன்றைக்கு யார் பார்க்கப் போகிறார்கள்?

ரோஸ்லினுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

ஏழாம் கூடத்தில் காற்று வெளியேறாமல் காக்கும் அடைப்பு உடைந்த அன்று அவள் கணவன் லூர்து உள்ளே வேலையில் இருந்தான். உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. கதவு இறுகிக்கொண்டது, திறக்க முடியவில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. அன்று மாலை, செம்புலம் செய்தி நிறுவனத்தின் பறக்கும் படக்கருவி எடுத்த ஒரே ஒரு படம் வெளியானது. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள்; கண்ணாடியை அறைகிற கைகள். ஊரே அந்த முகங்களைப் பார்த்து அழுதது. ரோஸ்லின் கதவையும் பார்த்தாள். வெளிப்பக்கத்தில் மஞ்சள் நிறக் குறுக்குக்கம்பி ஒன்று கொக்கிகளில் அழுத்தமாகப் பொருந்தியிருந்தது. கதவு இறுகிக்கொள்ளவில்லை. யாரோ தாழ்போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அவள் அதைச் சொல்லத் தொடங்கியபோது படத்தின்மேல் மூட்டம் விழுந்திருந்தது.

"எந்தக் கம்பி மைனி?" என்றாள் லூர்துவின் தங்கை பிரின்சி. "நான் அண்ணன் மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்."

கதவு இறுகியதுதான் காரணம் என்று நிர்வாகம் விசாரணையை மூடிவிட்டது. ஆனால் ஆதாரத்தைத் தங்கள் கண்ணாலேயே பார்த்த குடிமக்கள் திரண்டு கேட்டால், மூடிய விசாரணையை மறுபடி திறந்தாக வேண்டும் என்று புதுமுத்தூரில் சட்டம் இருந்தது. ஆகவே பார்க்கவைக்க வேண்டும். அதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் பொதுக்களஞ்சியம். யாரும் எழுதலாம், யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் அது. தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலை முடிந்து வந்து, ஏழாம் கூடத்தைப் பற்றிய கட்டுரையை அவளே எழுதினாள். படத்தையும் சேர்த்தாள். வம்பு வேண்டாமென்று சக தொகுப்பாளர்கள் அதை நீக்கினார்கள். அவள் மறுபடி சேர்த்தாள். கடைசியில் செம்புலம் வழக்குப் போட்டது.

அடுத்தவர் உரிமையுள்ள படத்தை அனுமதி இல்லாமலே எடுத்தாள்வதற்குச் சட்டத்தில் ஒரு சின்னச் சந்து விட்டிருந்தார்கள். நியாயப் பயன்பாடு என்பார்கள். வேறு படம் கிடைக்க வழியே இருக்கக்கூடாது; கட்டுரை அந்தப் படத்தைப் பற்றியே பேச வேண்டும். இவை இருந்தால், உரிமையாளரின் தொழில் கெடாத அளவுக்குச் சுருக்கிப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சந்துக்குள் ரோஸ்லின் தன்னையும் தன் கட்டுரையையும் திணித்துக்கொண்டு நின்றாள்.

"இதே காட்சியை இப்போது வேறொருவர் படமெடுக்க இயலுமா?" என்று வழக்கை விசாரித்த நடுவர் எந்திரம் கேட்டது.

"செத்தவங்கள எழுப்பிக் கொண்டாந்து நிறுத்துனா எடுக்கலாம்."

எந்திரம் அதையும் சற்று நேரம் பரிசீலித்தது. "இயலாது என்று பதிவு செய்கிறேன்" என்றது.

செம்புலத்தின் பிரதிநிதி ஹபீப் கெட்டவர் அல்ல. இடைவேளையில் அவராகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, படந்தான் எங்களுக்குச் சோறு. உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"நான் வித்துப் பிழைக்கவா கேக்கேன்? அந்தக் கம்பிய ஊர்ல நாலு பேரு பாக்கணும். அம்புட்டுதான்."

அவள் வென்றாள். படம் பெருவிரல் நகத்தளவில் கட்டுரையில் இருக்கலாம், அதன்மேல் மூட்டம் விழாது என்று தீர்ப்பானது. அதோடு, அந்தச் சிறு படத்தை அமுக்குகிற எவருக்கும் செம்புலம் தன் படக்காப்பகத்தில் முழுப் படத்தை மூட்டமில்லாமல் இலவசமாகக் காட்ட வேண்டும் என்றும் எந்திரம் உத்தரவிட்டது. அன்றைக்குத்தான், வெகுகாலம் கழித்து, ரோஸ்லின் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஏழாம் கூடத்தில் இறந்தவர்களின் நினைவுநாள் வந்தது. குடியிருப்பே பொதுக்களஞ்சியத்தில் குவிந்தது. ஆனால் நகத்தளவுப் படத்தில் மஞ்சள் கம்பி சுவரின் காவி நிறத்தோடு கலந்து காணாமல் போயிருந்தது. கண்ணாடியை அறைந்த கைகள், கையசைத்து விடைபெறுவதுபோல் தெரிந்தன. 'சிரித்த முகத்தோடு விடைபெற்ற வீரர்கள்' என்று யாரோ எழுதினார்கள். பிறகு எல்லோரும் அதையே எழுதினார்கள். அந்தச் சிறு படத்தைத் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் பொட்டுபோல் ஒட்டிக்கொண்டார்கள். முழுப் படத்தைப் பாருங்கள், தாழைப் பாருங்கள் என்று அதன் கீழேயே ரோஸ்லின் தடித்த எழுத்தில் எழுதியிருந்தாள். அதற்கும் பூப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் ஹபீபை அழைத்தாள். "முழுப் படத்த எத்தன பேரு வந்து பாத்தாங்க?"

"ஒருத்தர் வாறாங்க அக்கா. தினமும் வாறாங்க."

"யாரு?"

ஹபீப் தயங்கினார். "நீங்கதான்." பிறகு, ஆறுதலாக இருக்கட்டுமென்று நினைத்தோ என்னவோ, சொன்னார்: "இப்பிடின்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாங்க கேஸே போட்டிருக்க மாட்டோம்."

ரோஸ்லின் தொடர்பைத் துண்டித்தாள். மூடி மறைத்தார்கள் என்றால் அவர்களோடு மோதலாம். இங்கே மோத யாரும் இல்லை. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே வரத்தான் ஆளில்லை.

கொஞ்ச நேரத்தில் பிரின்சி அழைத்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. ஆனால் அதில் பெருமையும் இருந்தது.

"மைனி, ஊரே உங்க பக்கத்தத்தான் பாக்கு! அண்ணன் எப்பிடிக் கைய ஆட்டிக்கிட்டு நிக்கான், பாத்தீங்களா? நமக்குத்தான் டாட்டா காட்டியிருக்கான். எனக்கு இப்பத்தான் மனசு ஆறுச்சி."

ரோஸ்லின் தன் திரையில் கட்டுரையைத் திறந்தாள். "பிரின்சி, அந்தப் படத்த அமுக்கிப் பாத்தியா?"

"அமுக்குனேன் மைனி. ஏதோ எழுத்தா வந்துச்சி. ஒத்துக்கிடுதேன்னு சொல்லணுமாம். அதெல்லாம் யாரு வாசிப்பா? மூடிட்டேன்."

ரோஸ்லின் படத்தை அமுக்கினாள். சட்டப்படி செம்புலம் கேட்கிற உறுதிமொழி எழுந்து நின்றது. ஒரே ஒரு வரி.

"வாசிக்கேன், கேளு," என்றாள். "'இந்தப் படத்தைப் பார்க்க விரும்புகிறேன்.' இம்புட்டுதான் பிரின்சி. ஆமான்னு சொன்னாப் போதும்."

எதிர்முனையில் யாரோ பிரின்சியைக் கூப்பிடுவது கேட்டது.

"சரி மைனி," என்றாள் பிரின்சி, "அப்புறமாப் பாக்கேன்."