தொண்டைக்குக் கீழே

கோழியே இல்லாத வீட்டில் கோழி மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

லம்யாய் தூண்கள் மேல் நின்ற அந்த மரவீட்டு ஏணிப்படியின் முதல் கட்டையில் வைத்த காலை எடுக்காமல் நின்றாள். சகதித் தண்ணீருக்குள் குழலை விட்டு ஊதுவது போலக் கரகரவென்று வந்தது, சற்று நின்றது, மறுபடி வந்தது. வீட்டுக்கோழிகளை நேற்று அவளேதான் கால்களைக் கட்டிச் சாக்கில் போட்டுக் கொடுத்தாள். சுபன்புரி மாகாணத்தில் பறவைக் காய்ச்சல் பரவியதிலிருந்து கோழிகளைப் பிடித்துக் குழியில் போடுவதுதான் அவளுக்குக் கூலி வேலை. சுண்ணாம்பின் காரம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை, தோள்கள் கழன்று விழுவது போல வலித்தன. உடம்போடு சேர்ந்து காதும் களைத்துப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

பின்பக்கத் தண்ணீர் ஜாடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். குளித்து உடை மாற்றாமல் மகளைத் தொடுவதில்லை என்று வேலையில் சேர்ந்த அன்றே முடிவு செய்திருந்தாள். தாவுக்கு ஆறு வயது. வேறு எதற்கும் உடம்பில் தெம்பு மிச்சமில்லை, இதற்கு மட்டும் இருந்தது.

பயிற்சியில் கால்நடை டாக்டரம்மா சொன்னது, மொண்டு ஊற்றிய தண்ணீரோடு தலையில் இறங்கியது.

"இந்தக் கிருமி குத்திக்கிட்டு உள்ள போறதில்லம்மா. நம்ம உடம்போட ஒவ்வொரு செல்லு மேலயும் சர்க்கரை நுனி நுனியா நீட்டிக்கிட்டு இருக்கும், அதைப் பிடிச்சுத் தொத்திக்கும். அதுக்குத் தோதான நுனி கோழிக்கு மூச்சுக்குழாய்லயும் இருக்கு, குடல்லயும் இருக்கு. மனுசனுக்கு மூக்குலயும் தொண்டையிலயும் கம்மி, நெஞ்சோட அடியிலதான் ஜாஸ்தி. அதனாலதான் நமக்கு லேசுல ஒட்டாது. ஆழமா மட்டும் இழுத்துடாதீங்க."

"இழுத்துட்டா?" லம்யாய் கேட்டாள்.

"செல்லே அதை அணைச்சு விழுங்கிடும், ஏதோ தீனின்னு. உள்ள போனதும் அதைக் கரைக்கப் புளிப்பு ஊறும் பாருங்க, அந்தப் புளிப்புதான் அதுக்குக் கதவைத் திறந்து விடுறது."

யாரோ கொட்டாவி விட்டார்கள். லம்யாய்க்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. உடம்பு என்ற வீட்டில் இப்படி ஒரு முட்டாள் வேலைக்காரியா என்று பயமாக இருந்தது.

சத்தம் மறுபடி. மேலேயிருந்துதான். கூடவே எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் கொதித்த வாசம் இருட்டத் தொடங்கிய முற்றத்தில் இறங்கி வந்தது. சண்டைச் சேவலைக் குளிப்பாட்டும் தண்ணீரின் வாசம்.

அவள் புருஷன் புன்சோங் மேல்படியில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க சத்தம் அது?"

"தவளை."

"தவளைக்கு யாருங்க மஞ்சத்தண்ணி காய்ச்சுவா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தோங்கை வித்துட்டேன்னு சொன்னது பொய், அதை மட்டும் ஒளிச்சு வெச்சிட்டேன். மத்ததெல்லாம் உன் சாக்குலதானே போச்சு? பெத்த புள்ளை மாதிரி வளத்த சேவல். மூச்சு முட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. காலையில வாய் வெச்சு இழுத்துத் துப்பினேன்."

"வாய் வெச்சா?"

"எத்தனை சண்டையில இழுத்திருக்கேன்! எனக்கென்ன ஆயிடுச்சு இப்போ?"

சேவலின் தொண்டையில் ரத்தமும் சளியும் அடைத்தால் அலகை வாய்க்குள் வைத்து உறிஞ்சி எடுப்பது அந்த ஊர்ச் சேவல்காரர்களுக்குப் பல் விளக்குவது போல. அவன் மார்பையே பார்த்தாள், அது ஏறி இறங்குவதை.

"தாவ் எங்க?"

"உள்ள. தூங்குறா."

"சேவல்?"

"அதுவும் உள்ளதான். கூடையைக் கவுத்து மூடி வெச்சிருக்கேன். காலையிலேர்ந்து பக்கத்தைவிட்டு நகரல உன் பொண்ணு. தோங் செத்துடுமாப்பான்னு ஒரே அழுகை."

கரகரப்பு நின்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புன்சோங்கின் முகம் தொங்கிப்போயிற்று, சேவல் போய்விட்டதென்று நினைத்தான் போல. லம்யாய் அவனைத் தாண்டி ஏறினாள்.

கதவு. இருட்டு. மஞ்சள் வாசம்.

கூடை கவிழ்ந்துதான் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கொசுவலைக்குள் ஈரமாக ஒரு சத்தம். உறிஞ்சும் சத்தம். நீளமாக. நிற்காமல்.

விளக்கைப் போட்டாள்.

தாவ் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சேவல், அப்பாவின் கட்டம் போட்ட துண்டால் சிறகுகள் அசையாதபடி சுற்றி, கழுத்தை நிமிர்த்திப் பிடித்து. ஒரு குறையும் இல்லை, அப்படியே அவன் செய்வது போல. அலகு முழுதும் அவள் வாய்க்குள். கன்னங்கள் குழிந்திருந்தன. சின்ன நெஞ்சு நிரம்பிக்கொண்டிருந்தது. இன்னும். இன்னும்.

அம்மாவைப் பார்த்ததும் அலகை விட்டாள். துப்பவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"அப்பா மாதிரி துப்ப வரலம்மா." இருமினாள், சிரித்தாள். "ஆனா இப்போ நல்லா மூச்சு விடுது பாரு."

அவள் உதட்டுக்கும் அலகுக்கும் நடுவே சிவப்பாக ஒரு கோழை நூல் தொங்கியது. விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அறுபடவில்லை.