கடல் கிழிந்த சனிக்கிழமை

அட்சயாவுக்கு வயிறு எரிந்தது. பசியால் அல்ல, சுவரைப் பார்த்து.

அந்த அறையில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை யூதப் பிள்ளைகளின் சமய வகுப்பு. சனி அவர்களுக்கு ஓய்வு நாள். அதனால்தான் அன்று அறை இவர்களுக்குக் கிடைத்தது. சுவர் மட்டும் முழுக்க அவர்களுடையது. தங்கள் முன்னோர் எகிப்திலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பெசாக் பண்டிகைக்காக அதில் நீலத்தாளால் ஒரு கடல் செய்திருந்தார்கள். நூலை இழுத்தால் கடல் இரண்டாகப் பிளக்கும். நடுவே தாள் மனிதர்கள் தப்பிப் போவது தெரியும்.

செய்தவள் நவோமி. அட்சயாவின் மாடிக்கட்டிடத்தில்தான் இருக்கிறாள். நல்ல சிநேகிதி. அதுதான் இன்னும் எரிந்தது.

"எங்களுக்கெண்டு என்ன கிடக்கு? ஒரு கலண்டர்!" என்றாள் அட்சயா.

"ஒருக்கா இழுத்துப் பாரன், சோக்கா இருக்கு" என்றான் பக்கத்தில் நின்ற பிரவீனன்.

"பெரிய்ய கடல்!"

வெடுக்கென்று இழுத்தாள். டர்ர்ர்! கடல் கிழிந்து தொங்கியது.

"ஐயோ, துலைஞ்சம்!" என்றான் பிரவீனன்.

மேசையில் கோதுமை மாப் பசை இருந்தது. வருடப்பிறப்பு வாழ்த்து அட்டை ஒட்டுவதற்காகத் தமிழ் ரீச்சர் காய்ச்சிக் கொண்டுவந்தது. அட்சயா கடலின் பின்பக்கம் ஒரு தாளை வைத்து, பசையை அப்பி ஒட்டினாள். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாத."

"நான் ஏன் சொல்லுறன்?"

மறுநாள் காலை குப்பைப் பையோடு லிஃப்டில் ஏறினால், உள்ளே நவோமி. கையில் டோர்ச்சும் ஒரு இறகும்.

"இது எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் அட்சயா.

"பெசாக் வருகிறதே! எங்கள் வழக்கப்படி அதற்கு முன் ரொட்டித் துணுக்கு, மா, எதுவும் மிஞ்சக்கூடாது. டோர்ச் அடித்துத் தேடி, இறகால் கூட்டி எடுப்போம். இன்று எங்கள் வகுப்பறையில் தேடுகிறோம்."

"கோதுமை மாவுமா?"

"அதுதான் முக்கியம்!"

அட்சயாவுக்குக் கடலின் பின்னால் அப்பிய பசை நினைவுக்கு வந்தது. சொன்னால் நவோமி இனி முகத்திலேயே விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. 'கிடக்கட்டும் விடு, பெரிய கடல்காரி!' என்றது உள்ளேயிருந்த பொறாமை. ஆனால் நவோமியோ, பாவம், இறகு வளையாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லிஃப்ட் கீழே வந்து நின்றது.

"நவோமி, நில். உன் கடலை நான்தான் கிழித்தேன். மாப் பசையால் ஒட்டிவிட்டேன்."

நவோமியின் முகம் சிவந்தது. "ஏன் கிழித்தாய்?"

"எரிச்சல். அது அவ்வளவு அழகாக இருந்தது."

நவோமி கையிலிருந்த இறகைப் பார்த்தாள். பிறகு அவள் கண்கள் பெரிதாகின.

"கடலில் மாவா? உண்மையான மாவா?"

"ஓ... ஓமோம்."

"ஒவ்வொரு வருடமும் எங்கள் ரீச்சரே ரொட்டித் துண்டை ஒளித்துவைத்து எங்களைத் தேடச் சொல்லுவார். உண்மையாக ஒன்றைக் கண்டுபிடித்ததே இல்லை! வா, ஓடி வா!"

அட்சயா குப்பையைப் போட்டு, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு நவோமியோடு வகுப்பறைக்கு ஓடினாள். கடலுக்குப் பின்னால் டோர்ச் அடித்துக் காட்டினாள். சின்னப் பிள்ளைகள் வீல் என்று கத்தினார்கள். நவோமியின் ரீச்சர் சிரித்துச் சிரித்து அந்தத் தாளை உரித்தெடுத்தார். அட்சயாவும் நவோமியும் கடலை டேப்பால் ஒட்டினார்கள்.

முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எனக்கு ரொட்டித் துண்டுதான் கிடைத்தது. அவளுக்கு மட்டும் எப்படி உண்மையான மா?"

அவள் அட்சயாவைப் பொறாமையோடு முறைத்தாள். அட்சயாவுக்குப் பாயாசம் குடித்தது போல இருந்தது.