ஏழு பூட்டுக் கேம்பர்

செல்போன் அலறியது!

அரபு நாட்டில், ஜெபல் அலி குடோனின் ஆபீஸ் அறை. முதலாளி முகம்மது ரிபாய் மேஜை மேலிருந்த தன் போனை எடுத்துப் பார்த்தார். எதிரே நின்ற டிரைவர் கார்மேகத்தை அப்படியே முறைத்தார்.

"மாட்டினியா கார்மேகம்...!"

கார்மேகம் பேச்சை மறந்து இரண்டு வாரமாகிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ரிபாயின் செல்லக் கேம்பர் காணாமல் போனது. பிக்கப் வண்டியின் முதுகில் உட்காரும் பெட்டி அது. பாலைவனத்தில் நிறுத்திக் கூரையைத் தூக்கிவிட்டால் ஒரு குடும்பமே காலை நீட்டிப் படுக்கலாம். திருடன் பயத்தில் அதைப் பிக்கப்போடு சேர்த்து ஏழு பூட்டுப் போட்டிருந்தார் மனிதர்.

ஆனால்... பிக்கப் நின்ற இடத்தில் நின்றது. முதுகில் கேம்பர் மட்டும் இல்லை!

ஒரு பூட்டும் உடையவில்லை. ஏழு சாவியும் கார்மேகத்தின் இடுப்பில். போதாதா? லீவு ரத்து. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். ஊரில் பிறந்த மகளை அவன் இன்னும் கையில் தூக்கியதில்லை. முதலில் அழுதான். அப்புறம் அழுகையும் நின்று, உள்ளே எல்லாம் மரத்துப் போனது.

"கேம்பர்ல ஒரு டிராக்கர் ஒளிச்சு வச்சிருந்தேன்ப்பா. யாருக்கும் சொல்லல. களவு போன அன்னைலேர்ந்து சத்தமே இல்ல. இப்பத்தான் முழிச்சிருக்கு. எங்க காட்டுது தெரியுமா...? பரமக்குடி! உன் தெரு!"

"கேம்பர் எப்படி பாய் பரமக்குடி போகும்?"

"அதை நீ போலீஸ்ல சொல்லு. கலாஸ், கதை முடிஞ்சுது!"

சுவரோரம் நின்ற மெக்கானிக் வீரபாண்டி உச்சுக் கொட்டினான். கார்மேகத்தின் ரூம்மேட். ஏழு பூட்டையும் மாட்டியவன்.

"ஒத்துக்கடா மாப்ள. பாய் மனசு வச்சா ஜெயிலு மாஃபி, கெடையாது."

கோபம் வரவேண்டிய இடம். கார்மேகத்துக்கு வரவில்லை.

"டிராக்கரை எதுல பாய் வச்சீங்க?"

"பால்பவுடர் டின்ல! பிளாஸ்டிக் மூடிக்கும் சீலுக்கும் நடுவுல. திருடன் டிவியத் தேடுவான், பால்பவுடரயா தேடுவான்?"

கார்மேகம் மெதுவாகத் தன் போனை எடுத்தான். மனைவி உமாராணியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"உமா... நான் அனுப்புன கார்கோ பெட்டி வந்துச்சா?"

"இப்பத்தாங்க எறக்கிட்டுப் போறாங்க. சோப்பு, தைலம், பாப்பாவுக்குக் கவுனு... எல்லாம் இருக்கு."

"பால்பவுடர் டின்னு?"

"இருக்கு. ஆனா அது நம்மளுது இல்லியே! மேல சீதாலட்சுமி அக்கா பேருல்ல எழுதியிருக்கு? வீரபாண்டி அண்ணன் வீட்டுக்குத்தானே குடுத்து விட்டீங்க?"

ரிபாய் நிமிர்ந்தார். வீரபாண்டி வாசல் பக்கம் நகர்ந்தான்... கார்மேகம் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"உன் வீட்டுக்கா வீரபாண்டி...?" ரிபாயின் குரல் உடைந்தது.

"பாய்..." வீரபாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். "பூட்டு மாட்டுறப்பவே இன்னொரு செட் சாவி அடிச்சு வச்சேன். கேம்பரு ஷார்ஜாவுல ஒரு கராஜ்ல நிக்குது. வித்துக் குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருந்ததெல்லாம் குப்பைல வீசிட்டேன் பாய். டின்னு மட்டும்... சீல் உடைக்காத பால்பவுடரு! தூக்கிப் போட மனசு வரல. இவன் பெட்டியில எடம் இருந்துச்சு..."

ரிபாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிரு கார்மேகம். உனக்கு என்ன வேணும்? கேளு!"

போனில் மகள் வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. மரத்துப் போன பிறகு முதல்முறையாகக் கார்மேகத்தின் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டான்.

"பாஸ்போர்ட்டக் குடுங்க பாய். கேஸுக்கு அந்த டின்னுதான் சாட்சி... நான் நேர்ல போயித்தானே கூட்டிட்டு வரணும்!"