முதலில் பன் கடை, பிறகு மலை

ஒருநாள் பயணத்திற்கான திட்டம் சியோல் நகரத்துச் சமையலறை ஒன்றில் உருவாயிற்று. ஹேரின் வரைபடத்தை மேசைமேல் விரித்திருந்தாள். விடியலில் புறப்பாடு; நண்பகலில் காங்நுங் ஊரின் சோயாப்பால் கட்டியான இளந்தோஃபு; மாலையில் கடற்கரை.

"பழைய மலைப்பாதையில போவோம். மேல நின்னா கடல் தெரியுமாம்."

"சுரங்கவழி இருக்கே, சீக்கிரம் போயிடலாம்," என்றான் அவள் கணவன் கிதே.

அவள் தம்பி சுச்சொல் நகைத்தான். "என்ன மச்சான், அக்காவைவிட மலைக்கா பயப்படுறீங்க?"

கிதேயும் நகைத்தே ஆகவேண்டியிருந்தது. மறுத்தால் காரணம் கேட்பார்கள். காரணம் அவன் ஒருவனுக்கே தெரியும்.

பல பனிக்காலங்களுக்கு முன், அதே மலையுச்சியில், கொட்டும் பனியில் அவன் வண்டி நின்றது. பசிக்கிறது என்றாள் முதல் மனைவி யொன்சில். "நீ வண்டியிலயே இரு. நான் போய் சூடா பன் வாங்கிட்டு வர்றேன்," என்றான். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியவன், அடிவாரத்து விடுதியின் கணப்பருகே விடியும்வரை அமர்ந்திருந்தான். வெறுத்துப்போன மனைவியைப் பனி கொன்றால் தன் கையில் கறை படியாது என்பது அவன் கணக்கு. உறைந்து இறந்தவள் தானே இறங்கி நடந்து வழிதவறினாள் என்று ஊரை நம்பவைத்தான்.

"சரி, மலைவழியே போவோம்," என்றான் இப்போது. "ஆனா முதல்ல வழியில இருக்கிற ஆன்ஹங் பன் கடை, அப்புறம்தான் மலை. வரிசை மாறக்கூடாது."

அந்தப் பன்னின் வயிற்றில் சிவப்புப் பயற்று விழுது. சிவப்புப் பயறு இருக்கும் இடத்தை இறந்தோர் அணுகார் என்பது அந்நாட்டு நம்பிக்கை. அதனாலேயே முன்னோர் படையலில் எவரும் அதை வைப்பதில்லை. மடி நிறையப் பயறு இருந்தால் மலை தன்னை என்ன செய்யும்?

ஆனித் திங்களின் காலை. பன் கடையில் வெண்ணிற ஆவி தவழ்ந்தது. மூவரும் கடைவாயிலில் நிற்க, கடைக்காரி பெட்டியைக் கட்டினாள்.

"ஒண்ணு கூடுதலா வச்சிருக்கேன் ஐயா. வண்டியில இருக்கிற அம்மாவுக்கு முதல்ல குடுங்க. பாவம், உதடெல்லாம் நீலம் பாரிச்சிருக்கு."

சுச்சொல் திரும்பிப் பார்த்தான். "யாரும்மா? வண்டி காலியாத்தானே இருக்கு!"

கிதே பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

மலையுச்சியில் கடல் தெரியவில்லை. மூடுபனி மரங்களைக் கிளைகிளையாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஹேரினும் தம்பியும் இறங்கினர், கிதே இறங்கவில்லை.

வெளியில் உண்பவர் "கோசுரே" எனக் கூவி முதல் விள்ளலைத் திக்கற்ற ஆவிகளுக்கு எறிவது வழக்கம். ஹேரின் கையிலிருந்த பன்னைக் கிள்ளி, "கோசுரே!" என்று மூடுபனிக்குள் வீசினாள்.

அது தரையில் விழும் ஒலி கேட்கவில்லை.

"பயறு வச்சதை வீசுறியே அக்கா! வர்றவங்க ஓடிட மாட்டாங்க?"

"பசிச்சவங்க அதெல்லாம் பார்ப்பாங்களாடா?"

வண்டிக்குள் கிதேயின் மூச்சு வெண்புகையாயிற்று. கண்ணாடியின் உட்புறம் உறைபனி பூத்தது. பெட்டியைத் திறந்து ஒரு பன்னைப் பிட்டான்.

உள்ளே பயறு இல்லை.

இன்னொன்றைப் பிட்டான். அதுவும் வெறுமை, நாவால் வழித்தெடுத்தாற்போல.

பின்னிருக்கையில் யாரோ மெல்லும் ஒலி. நிதானமாக. நெடுநாள் பசியோடு.

"வாங்கிட்டு வர்றேன்னு சொன்னீங்க," என்றது ஒரு குரல், அவன் செவியருகே. "வாங்கிட்டு வந்துட்டீங்க."

"யொன்சில்... என்னை விட்டுடு..."

"இதெல்லாம் ஆறிப்போச்சு. நான் போய் சூடா வாங்கிட்டு வர்றேன். நீங்க வண்டியிலயே இருங்க."

சாவி தானே சுழன்று கழன்றது. நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

மூடுபனி விலகி வெயில் விழுந்தபோது, சுச்சொல் கல்லெடுத்துக் கண்ணாடியை உடைத்தான். கோடைவெயிலில் கிதே கல்லாய் உறைந்திருந்தான், இமைகளில் வெண்பனி. மடியில் ஒரு துணுக்கும் இல்லாத பெட்டி. சாவியை எங்கும் காணவில்லை.

இறந்தவனுக்குப் படையலிடும் நாற்பத்தொன்பதாம் நாள். ஹேரின் கணவனின் படத்தின் முன் சோறு, மீன், பேரிக்காய் எல்லாம் முறைப்படி படைத்தாள். அந்த ஒரு வேளைக்காவது அவன் ஆவி வந்து பசியாற வேண்டும். ஊதுவத்தி கொளுத்தத் திரும்பி, மீண்டும் நிமிர்ந்தாள்.

சோற்றுக் கிண்ணத்தைச் சுற்றி, பயற்றுப் பன்கள். அப்போதுதான் இறக்கியவைபோல் ஆவி பறந்தது.

பயறு இருந்தால் அவன் ஆவி அணுகாதே என்று அலறி, அனைத்தையும் வாரி வெளியே எறிந்தாள். திரும்பி வந்தபோது படையலில் மீண்டும் பன்கள். இம்முறை இன்னும் சூடாக.

அவற்றின் நடுவே, உருகாத பனி படர்ந்த வண்டிச்சாவி.