செல் போடாத ஸ்கிரீன்

செல் போடாத ஸ்கிரீனில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

சங்கமித்ரா மேஜை விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் அடங்குகிற பழைய விளையாட்டுப் பெட்டி அது, வந்து நாற்பது வருடமாவது இருக்கும். உருவங்களைக் கண்ணுக்குக் காட்டுகிற போலரைசர் ஃபிலிம் மங்கி மஞ்சளாகிப் போயிருந்தது; அதை உரித்து, பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கண்ணாடியைத் துடைத்து, புது ஃபிலிமை அப்போதுதான் மேலே வைத்திருந்தாள். பட்டன் செல் இரண்டும் மேஜை ஓரத்தில் கிடந்தன. மின்சாரம் பாயாமல் இந்தக் கண்ணாடியில் எந்த உருவமும் கறுக்காது. ஆனாலும், அதில் வரைந்திருந்த நாலு மாடிக் கட்டிடத்தின் வெளிப்படியில், தரைத்தளத்தில், ஒல்லியாக ஒருவன் கைப்பிடியைப் பற்றியபடி நின்றான்.

எங்கேயோ மிச்ச மின்சாரம் தங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்போது பகல் இரண்டு மணி. ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஸ்கிரீன் தயாரிக்கிற டிஸ்ப்ளே லைனில் அவளுக்கு நிரந்தர நைட் ஷிப்ட். ஊர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வீடு திரும்புவாள். எட்டரைக்கெல்லாம் கம்பெனி பஸ்கள் அவள் குடியிருக்கும் கட்டிடத்து ஆட்களையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அப்புறம் மாலை வரை, யாரோ சரியாக மூடாத குழாயின் சொட்டும், கீழ் வீட்டில் நிறுத்தாமல் போன மின்விசிறியின் கிறீச்சும், தடித்த திரைச்சீலைக்குப் பின்னால் வெயிலில் காய்கிற சுவரின் சூட்டு வாடையும், உரித்துப்போட்ட பழைய ஃபிலிமிலிருந்து கிளம்புகிற வினிகர் நெடியும்தான் அவளுக்குத் துணை. அம்மா போன பிறகு ஸ்ரீராம்புரத்து வீட்டைக் காலி செய்து, நாலாவது மாடியில் இந்த ஒற்றை அறைக்கு வந்தாள். தூக்கம் பிடிக்காத பகல்களுக்காகத்தான் இந்தப் பழுதுபார்க்கும் வேலை. மூன்று மாதமாக அவள் கதவை ஒருவர்கூடத் தட்டியதில்லை.

பெட்டியை அனுப்பியவர் ரிச்சர்ட்ஸ் டவுன் ரெமிஜியஸ், பழைய விளையாட்டுகளைச் சேர்க்கிறவர். போன் போட்டாள்.

"சார், இந்த கேம்ல படியில ஒரு ஆளு வருவானே, அவன் மட்டும் செல் போடாமலே தெரியறான்."

"ஆளா? அதுல ஆளே கெடையாதேம்மா." சிரித்தார். "மொட்டை மாடியில ஒரு பொண்ணு. காத்துல பறக்கற துணியெல்லாம் அவ ஓடி ஓடி பிடிக்கணும். தட்ஸ் ஆல். ஸ்கூல் படிக்கறப்போ டெய்லி ஆடுவேன், எனக்குத் தெரியாதா?"

"படியில யாரும் வரமாட்டாங்களா?"

"படி சும்மா டிசைன்மா. அதுல ஒருத்தரும் ஏறினதே இல்ல."

போனை வைத்ததும் 'டிக்' என்றது.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் உருவம் ஓர் அடி நகரும்போது எழும் அதே சத்தம். குனிந்து பார்த்தாள். அவன் முதல் மாடியில் நின்றான்.

திருகுகளைக் கழற்றினாள். விரல் வழுக்கியது. கண்ணாடியைச் சர்க்யூட்டிலிருந்து தனியாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். இப்போது அது வெறும் கண்ணாடித் துண்டு, எதனோடும் ஒட்டு இல்லை.

டிக்.

இரண்டாம் மாடி.

ஃபிலிமைப் பிடுங்கினாள். கண்ணாடி தெளிந்து காலியானது. வரைந்த படி மட்டும் மிஞ்சியது, ஆள் இல்லை. மூச்சு விட்டாள்.

டிக்.

இப்போது எந்த மாடி? பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. அதைவிட, இந்த முறை சத்தம் மேஜையிலிருந்து வரவில்லை. வெளியே படிக்கட்டிலிருந்து வந்தது.

காதைக் கூர்மையாக்கினாள். காலடி இல்லை. செருப்புத் தேயவில்லை. கைப்பிடிக் கம்பி அதிரவில்லை. குழாய்ச் சொட்டு மட்டும். அப்புறம் அதுவும் நின்றது. இறங்கி ஓடலாம். ஆனால் இறங்க அந்த ஒரே படிதான்.

டிக்.

கதவுக்கு அடியில் கீற்றாக விழுந்திருந்த வெளிச்சம் நடுவில் அறுந்தது.

தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டிருந்தது. கதவுக்கு முதுகு காட்டாமல் பின்னால் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்ரீராம்புரத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் தம்பி சுனிலைக் கூப்பிட்டாள். கடைசியாக அவனோடு பேசியது எப்போது என்று நினைவில்லை.

"சொல்லுக்கா. கடையில கூட்டம், சீக்கிரம் சொல்லு."

"சுனில், போன வைக்காதடா. சும்மா பேசிட்டே இரு. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"ஏன், ஜுரமா?"

டிக்.

கதவின் கீழே வெளிச்சம் முழுசாகத் திரும்பியது. வாசலில் யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஆனால் அறையில் காற்று கனத்தது. பிடரியில் வினிகர் நெடி.

"இல்லடா. தனியா இருக்கேன். இங்க யாருமே இல்ல. நீ கொஞ்சம் வர்றியா?"

மறுமுனையில் சுனிலின் குரல் இளகியது, மூன்று மாதமாக மனசில் இருந்த ஒரு பாரம் இறங்கியது போல.

"என்னாக்கா விளையாடறியா? பக்கத்துலதான் யாரோ உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுனே இருக்காங்களே. எனக்கே கேக்குது."

"சுனில்..."

"ஃபிரெண்டா? நல்லதுக்கா. நீ அங்க ஒண்டியா இருக்கன்னு எனக்கு எவ்ளோ கவலை தெரியுமா! இப்பதான் நிம்மதி. பேசினு இரு, அப்புறமா பண்றேன்."

"வைக்காதடா!"

வைத்துவிட்டான்.

அவளுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கண்ணை மேஜையிலேயே நட்டு வைத்தாள். வெள்ளைத் துணி. கண்ணாடி. தன் வலது கை.

டிக்.

அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருந்தது. நீண்டு வரவில்லை. ஒரு கணம் முன்னால் இல்லை, இப்போது இருந்தது. தார்போல் கறுப்பு. காகிதம்போல் தட்டை. ஓரங்கள் மட்டும் கத்தரித்தது போலக் கூர்மை. விளக்கு நேராக அதன் மேல் எரிந்தது. நிழல் விழவில்லை.

டிக்.

அது அவள் மணிக்கட்டின் மேல் இருந்தது.

குளிர்ச்சி. கண்ணாடியின் குளிர்ச்சி. கையை இழுத்தாள். கை வரவில்லை. அந்த விரல்கள் பட்ட இடத்தில் அவள் தோல் கறுத்து, தட்டையாகி, ஓரம் கூர்மையாகி, அந்தக் கறுப்பு முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு விரற்கடை.