இடது முன் சக்கரம்

சனிக்கிழமை காலை. முதலில் கண்ணில் பட்டது சக்கரம்தான். வேலிக் கம்பியைத் தாண்டி, முழங்கால் உயரக் கோதுமையில் கோடு கிழித்துக்கொண்டு போய், நடு வயலில் படுத்துக் கிடந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் தள்ளி, ஓடை வளைவில், யூக்கலிப்டஸ் மரத்தின் மேல் மூக்கை வைத்து நின்றது.

கல்லம்பா ஊருக்கு ஒரே போலீஸ்காரர் சார்ஜன்ட் கிளைவ் நோஸ்கி. அவர் வந்து சேர்ந்தபோது கோர்டன் ஹைன்ரிக்கை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டிருந்தார்கள். தொடை எலும்பு முறிவு. உயிருக்குப் பயமில்லை.

கோர்டனின் மனைவி ஜாய்ஸ் வண்டியருகே கைகட்டி நின்றாள்.

"புத்தம்புதுசா பெயின்ட் அடிச்சு, பூ வச்ச மாதிரி கொடுத்தீங்க. ஓடையக்கூடத் தாண்டல. தானா கழண்ட சக்கரமா இது, கிளைவ்?"

"பாக்கணும்."

"என்னத்தப் பாக்கணும்? யாரு கழட்டுனதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர்ல இருக்கிற ஆட்டுக்குக்கூடத் தெரியும்."

"பேரு சொல்லாத, ஜாய்ஸ்."

"சொல்லணுமா என்ன!"

கிளைவ் குனிந்தார். நட்டு முறுக்கும் ஐந்து ஸ்டட் கம்பிகளும் இருந்த இடத்தில் இருந்தன. நுனியில் கொஞ்சம் நசுங்கல், ஒன்றுகூட உடையவில்லை. நட்டுகளைக் காணோம். வயலில் கிடந்த சக்கரத்தின் மூடிக்குள் மட்டும் ஒரே ஒரு நட்டு உருண்டது. பெயின்ட் ஒட்டியிருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உடைந்து போன சக்கரம் இல்லை இது. கழன்று போன சக்கரம்.

அந்த யூட் வண்டி கோர்டனின் அப்பா ஓட்டியது. முன்னால் கார், பின்னால் திறந்த தொட்டி, தொட்டியில் எப்போதும் ஒரு நாய். போன அறுவடை சமயத்தில் குறுக்கே பாய்ந்த கங்காருவுக்காகக் கோர்டன் ஸ்டியரிங்கை ஒடிக்க, வண்டி குட்டிக்கரணம் அடித்து, இடது முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. காயலான் கடைக்குப் போக வேண்டியதை கிளைவ் உள்பட ஃபுட்பால் கிளப் ஆட்கள் தங்கள் கொட்டகைக்கு இழுத்து வந்தார்கள். அப்பா வண்டி, விடக் கூடாது என்றார்கள்.

உதிரிக்கு வண்டி கொடுத்தவர் மெர்வ் கோலிஸ். அதே கம்பெனி, அதைவிடப் பழைய மாடல். அவருடைய மேய்ச்சல் நிலத்தில் புல் முளைத்துக் கிடந்தது. "அறுத்துக்குங்க" என்றார். கதவு, மட்கார்டு, இடது முன் சக்கரம் உட்காரும் குடமான ஹப், அதன் ஸ்டட், நட்டு எல்லாம் அதிலிருந்து இதற்கு வந்தன. ஹப்பை மெர்வே தன் கையால் மாட்டினார்.

இங்கேதான் ஊர் புருவத்தை உயர்த்தியது. மெர்வின் ஆடு மேய்க்கும் நாயைத் தன் ஆட்டைக் கடித்ததென்று சுட்டுக் கொன்றவர் கோர்டன். கடித்தது வேறு நாய் என்று பிற்பாடு தெரிந்தது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் ஹைன்ரிக் குடும்பத்தில் இல்லை. அன்று முதல் இருவரும் ஒரே பப்பில் வேறு வேறு மூலையில் குடித்தார்கள். அப்படிப்பட்ட மெர்வ் வண்டியைச் சும்மா கொடுக்கிறாராம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது என்று கவுன்ட்டரில் சொல்லிச் சிரித்தார்கள். கிளைவும் சிரித்தார்.

அவரிடம் யாருக்கும் தெரியாத ஒரு துருப்புச் சீட்டு இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் பப்புக்குக் கிளம்பிய பிறகு, கிளைவ் கொட்டகையில் தனியாகப் பின்தங்கினார். தன் கை படாத வேலையை அவர் மனசு முடிந்ததாக ஏற்காது. வீல் ஸ்பேனரை எடுத்து நான்கு சக்கரங்களையும் ஒரு சுற்று பார்த்தார். மூன்று சக்கரங்களில் நட்டு இம்மி அசையவில்லை. இடது முன் சக்கரத்தில் மட்டும் ஐந்தும் நகர்ந்தன. புதுப் பெயின்ட் மரையில் பிடித்திருந்ததால் கனமாகத்தான் வந்தன. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரு முழுச் சுற்று வந்தது. 'பார்த்தாயா, மெர்வ் முறுக்கிய லட்சணம்!' என்று நினைத்துக்கொண்டே காலால் மிதித்து முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

ஆகவே கணக்கு சுலபம். வெள்ளி சாயங்காலம் முறுக்கியாயிற்று. சனி காலை கோர்டன் எடுத்துப் போகையில் கழன்றிருக்கிறது. இடையில் எவனோ கொட்டகைக்கு வந்திருக்கிறான். இந்தச் சீட்டை அவர் யாரிடமும் காட்டவில்லை. போலீஸ்காரன் சீட்டைக் காட்டி ஆடினால் ஆட்டம் போச்சு. அடிலெய்டிலிருந்து விபத்து ஆய்வாளரை அனுப்பட்டுமா என்று மேலிடத்தில் கேட்டதற்கும், வேண்டாம், ஆள் யாரென்று தெரியும் என்று சொல்லிவிட்டார்.

சனி பிற்பகல், ஃபுட்பால் மைதானம். எல்லைக்கோட்டைச் சுற்றி வண்டிகளை நிறுத்திக்கொண்டு ஊரே ஆட்டம் பார்த்தது. மெர்வ் சாஸ் ஊற்றிய இறைச்சி பஃப்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார். கிளைவ் அவரை ஓரமாக அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை.

"நேத்து சாப்பிட்டப்புறம் கொட்டகைக்குப் போனியா?"

"போனேன். என் ஜாக்கி அங்க இருந்துச்சு. எடுத்துட்டு வந்தேன்."

"தனியாவா?"

"ஜாக்கி தூக்க எத்தனை பேரு வேணும்?"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கிளைவ் சிரிக்கவில்லை.

"உதிரி வண்டிய ஏன் சும்மா குடுத்த?"

"ரிப்பேர் பண்ணது கோர்டனோட அப்பா வண்டி. அந்த மனுஷன் எனக்கு நல்லது பண்ணியிருக்காரு."

"கோர்டன் உன் நாயைச் சுட்டான்."

"நாய அவன் சுட்டான். வண்டி சுடல."

"இடது முன் சக்கரம் உன் வேலை. நட்டு முறுக்குனியா?"

"முறுக்குனேன். ஆனா ஒண்ணு கேளு கிளைவ், அந்த ஹப்பு என் பழைய வண்டியோடது, அதுல..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்."

 மெர்வ் கையிலிருந்த பஃப்ஸைக் காகிதத்தில் சுற்றினார். "சரிங்க, சார்ஜன்ட்" என்றார்.

"பஸ் சாவிய குடு. விசாரணை முடியிற வரைக்கும் பஸ்ஸ எடுக்காத."

அது பள்ளி பஸ். தூரத்துப் பண்ணைகளிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவது மெர்வின் வேலை. வறட்சியில் ஆடுகளை விற்றபின் அவருக்கு மிஞ்சிய ஒரே பிழைப்பும் அதுதான். மெர்வ் சாவியைக் கொடுத்தார். மைதானத்தில் யாரோ கோல் அடித்தார்கள். கார் ஹாரன்கள் முழங்கின. கோலுக்கா, சாவி பறிபோனதற்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு சக்கரத்தைக் கழட்டியவன் நாளைக்கு எதைக் கழட்டுவானோ, இனி அவன் ஓட்டும் பஸ்ஸில் பிள்ளையை ஏற்ற மாட்டோம் என்று தாய்மார்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடம் வேறு டிரைவர் தேடத் தொடங்கியது.

திங்கள் காலை. ஸ்டேஷன் பின்கட்டில் நொறுங்கிய வண்டி நின்றது. அதை நகர்த்த வேண்டியிருந்தது. கிளைவ் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை எடுத்து ஸ்டட்களில் பொருத்தினார். சட்டைப் பையிலிருந்த நட்டை எடுத்து விரலால் முறுக்கினார். பிடிக்கவில்லை.

மறுபடி வைத்தார். பிடிக்கவில்லை. மரை நசுங்கிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, அரம் வைத்துத் தேய்த்து, நசுங்கல் குறைந்த வேறொரு ஸ்டட்டில் முயன்றார். அதிலும் வழுக்கிக்கொண்டே சுற்றியது. "மரை கழண்ட வண்டி" என்று திட்டிக்கொண்டே நட்டை வெளியே எடுக்கத் திருப்பினார்.

வெளியே எடுக்கத் திருப்பிய நட்டு உள்ளே போனது.

கிளைவ் இன்னும் கிட்டே குனிந்தார். நட்டை இடப்பக்கம் திருப்பினார். ஏறியது. வலப்பக்கம் திருப்பினார். இறங்கியது.

எழுந்து மறுபக்கச் சக்கரத்துக்குப் போய்ப் பார்த்தார். பின் சக்கரங்களைப் பார்த்தார். எல்லாம் உலகத்து நட்டுகளைப் போலத்தான் இருந்தன. இந்த ஒன்று மட்டும் தலைகீழ். பழைய மாடலில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரையை எதிராக வெட்டுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறார். பிந்தைய மாடலில் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். புது உடம்பில் பழைய கால் ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். மெர்வ் அதை முறைப்படி, இடப்பக்கம் திருப்பி, இறுக்கி வைத்திருந்தார்.

மற்ற மூன்று சக்கரங்களில் முறுக்கிய திசையிலேயே இதையும் முறுக்கியவர் ஒரே ஒருவர். அதனால்தான் மற்றவை அசையவில்லை. அதனால்தான் இது மட்டும் அசைந்தது. பெயின்ட் பிடித்து இறுகி வந்ததை, இறுக்குகிறோம் என்று நம்பி, காலால் வேறு மிதித்துக் கழட்டியிருக்கிறார்.

முகம் சுட்டது. சக்கரத்தில் கைவைத்தபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோர்டன் கால் ஒடிந்ததும் அவரால். மெர்வ் பெயர் போனதும் அவரால். 'அதுல...' என்று ஆரம்பித்த மனிதனின் வாயை ஊர் பார்க்க அடைத்தாரே, அந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால் அங்கேயே வழக்கு முடிந்திருக்கும். வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். உடம்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதைவிடக் கேவலமான எண்ணம் ஒன்றும் வந்தது. வெள்ளிக்கிழமை அவர் ஸ்பேனர் பிடித்ததை யாரும் பார்க்கவில்லை. ஆய்வாளரையும் வரவிடாமல் செய்தாயிற்று. சாட்சி போதவில்லை என்று கோப்பை மூடினால் மெர்வ் ஜெயிலுக்குப் போக மாட்டார். வேலை மட்டும்தான் போகும். போலீஸ் சட்டைக்குள் இருந்துகொண்டு இப்படி நினைத்தோமே என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

திங்கள் சாயங்காலம், கிளப் கூடம். கிளைவ் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். ஜாய்ஸ் முன்வரிசை. மெர்வ் கதவருகே நின்றார், உட்காரவில்லை. அவரைச் சுற்றி நாற்காலிகள் காலியாக இருந்தன.

கிளைவ் அந்த ஹப்பைக் கழட்டிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். ஒன்றும் பேசாமல் நட்டை மாட்டி, இடப்பக்கம் திருப்பி ஏற்றிக் காட்டினார். வலப்பக்கம் திருப்பி இறக்கிக் காட்டினார். பண்ணைக்காரர்களுக்கு அதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை.

"அப்ப யாரோ தெரியாம வலப்பக்கம் முறுக்கியிருக்கான்," என்றார் ஒருவர். "எந்தக் கூமுட்டைடா அவன்?"

"நான்," என்றார் கிளைவ்.



"வெள்ளிக்கிழமை நீங்க எல்லாரும் போனப்புறம் நான்தான் ஸ்பேனர் போட்டேன். இறுக்குறதா நெனச்சுக் கழட்டிட்டேன். மெர்வ் வேலைல தப்பு இல்ல. இவ்வளவும் என்னால வந்தது. மேலிடத்துக்கு எழுதி அனுப்பிட்டேன். ஜாய்ஸ், கோர்டன்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்."

ஜாய்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிளைவ் கூடத்தின் நீளம் முழுவதும் நடந்து போய்ப் பஸ் சாவியை நீட்டினார். "மன்னிச்சிரு, மெர்வ்."

மெர்வ் சாவியை உடனே வாங்கவில்லை.

"நட்டு விஷயம் விடு. எவனுக்கும் வரும். எனக்கே பழக மாசக்கணக்காச்சு. வேற ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. நான்தான் பண்ணியிருப்பேன்னு எப்ப முடிவு பண்ண? சக்கரத்தப் பாத்தப்பவா? நான் கொட்டகைக்குப் போனேன்னு சொன்னப்பவா?"

கிளைவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லலாம். இத்தனைக்குப் பிறகு பொய் சொல்லவும் தெம்பு இல்லை.

"இல்ல," என்றார். "உன் வண்டிய நீ சும்மா குடுத்தியே, அன்னிக்கே."

மெர்வ் தலையாட்டினார். கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கவுன்ட்டரில் ஓநாய் கதை சொல்லிச் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள், ஒருவரும் நிமிரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் பஸ்ஸை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.