ஏழு சிவப்பு விளக்குகள்

ஷைலஜா டீச்சர் சுற்றுலாப் பட்டியலை வாசித்து முடித்தார். பேச்சியின் பெயர் வரவில்லை.

"டீச்சர், என் பேர விட்டுட்டீங்க."

"நீ பத்தொன்பது நாள் லீவு, மோளே. மெஷின் அப்படித்தான் காட்டுது. அவ்வளவு லீவுன்னா டூர் கிடையாது."

பேச்சி ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை. பக்கத்தில் உட்காரும் அஞ்சனாவுக்கு அது தெரியும்.

பள்ளி வாசலில் வருகை பதிய விரல் ரேகை பார்க்கும் கருவி இருந்தது. இருவரும் அங்கே போனார்கள். பேச்சி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"அப்பப்ப இப்படித்தான் வரும். 'மணி அடிச்சாச்சு, உள்ள போ'ன்னு வாட்ச்மேன் சேட்டன் விட்டுடுவாரு."

அஞ்சனா அவள் விரலைத் தடவிப் பார்த்தாள். தினமும் காலையில் அம்மாவோடு இறால் உரித்து உரித்து, ரேகையே தேய்ந்திருந்தது.

அந்தக் கருவிக்கான மென்பொருளைச் செய்தது அஞ்சனாவின் அம்மா சுபாஷிணி வேலை பார்க்கும் கம்பெனி. அதில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அம்மாவின் வேலை.

"தேஞ்ச விரல வச்சுப் பாக்கலையாம்மா?"

சப்பாத்தி மாவு பிசைந்த கை நின்றது. "பாத்தேன்டி. ஆபீஸ் பெருக்கற கனகாம்பாளோட விரலை அது எடுக்கலை. எழுதியும் குடுத்தேன்."

"அப்புறம்?"

"'தெரிந்த குறை'ன்னு மேல இருக்கறவா பேர் போட்டுட்டா. அப்படிப் பேர் போட்டா அது பிழைக் கணக்குல வராது. சோதனையில பாஸ்."

"தெரிஞ்சா சரி பண்ணணும்தானே?"

அம்மா மறுபடியும் மாவைப் பிசைந்தாள்.

மறுநாள் காலை அஞ்சனா நோட்டோடு பள்ளி வாசலில் நின்றாள். விரல் வைத்தது யார், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதினாள். இரண்டே நாளில் ஏழு பேருக்குச் சிவப்பு.

வெள்ளிக்கிழமை நோட்டை டீச்சரிடம் நீட்டினாள்.

"கம்பெனியில டெஸ்ட் பண்ணித்தானே தந்தாங்க?" என்றார் டீச்சர்.

"போன திங்கள் பேச்சிய எழுப்பிக் கணக்குப் போடச் சொன்னீங்க, டீச்சர். மெஷின்ல அன்னிக்கும் லீவான்னு பாருங்க."

மெஷின் கணக்கைப் பார்த்த டீச்சரின் முகம் சுருங்கியது. தலைமை ஆசிரியரிடம் ஓடினார். தனியாகத் திரும்பி வந்தார்.

"பஸ்ல சீட் எல்லாம் முடிஞ்சாச்சாம்."

சனிக்கிழமை அந்த ஏழு பேர் இல்லாமலே பஸ் கிளம்பியது. அஞ்சனாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே பார்க்கத்தான் தோன்றவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் பழைய வருகைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தார். பேனாவைத் திறந்து ஒவ்வொரு பெயராக, முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பேச்சி."

பேச்சி எழுந்து நின்றாள். அடுத்த வகுப்புக்கும் கேட்கும்படி, "ஹாஜர், டீச்சர்!" என்றாள்.